நாற்று முடி வீசிய கை

உட்கார்ந்த இடத்தில் உட்கார்ந்து ஒரு கூடைப்பந்து ஆட்டத்தை இன்றுவரை என்னால் பார்க்க முடிந்ததில்லை. டிவியில் போட்டால்கூட எழுந்து கூடத்துக்கும் வாசலுக்கும் நடப்பேன். காலில் என்ன எறும்பா ஊர்கிறது என்று மனைவி கேட்பாள். எறும்பு இல்லை. ஆட்டத்துக்கு நடுவில் கேமரா பெஞ்சுப் பக்கம் திரும்பி, தோளில் துண்டைப் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருக்கும் ஒரு இளம் பையனை ஒரு நொடி காட்டும். இவனை உட்கார வைத்தது யார், என்ன காரணம் சொல்லி உட்கார வைத்தான் என்று யாரிடமாவது சண்டை போடத் தோன்றும். சண்டை போடவேண்டிய ஆள் நான்தான் என்பது அவளுக்குத் தெரியாது. இத்தனை வருஷம் சொல்லவில்லை.

மாயவரத்திலிருந்து பஸ் பிடித்தால் அரை மணியில் போய்விடக்கூடிய ஒரு சர்க்கரை ஆலையில் நான் வேலை பார்த்தேன். அந்தக் காலத்தில் ஆலைகளும் அரசுத் துறைகளும் ஆட்டக்காரர்களுக்கு வேலை போட்டுக் கொடுத்து அணி வைத்திருந்தன. சம்பளம் வேலைக்கு என்று பேர். ஆட்டத்துக்குத்தான் என்று வாசல் காவல்காரருக்கும் தெரியும். நான் எடைமேடையில் கரும்பு வண்டிகளுக்குச் சீட்டு எழுதும் சீசன் ஆள். அரவை நடக்கிற மாதங்களில்தான் முழுச் சம்பளம். ஆனால் அணியின் பன்னிரண்டு பேரில் ஒருவன் என்பதால் ஆலைக் குடியிருப்பில் எனக்கு ஒரு லைன் வீடு கிடைத்திருந்தது. ஓர் அறை, ஓர் அடுப்படி, மேலே ஓடு. அணியில் இருக்கும்வரை வீடு, அணியை விட்டுப் போனால் சாவியைக் கொடுத்துவிட வேண்டும். வேலை நிரந்தரமாகிவிட்டால் மட்டும் அந்தப் பயம் இல்லை. எனக்கு அப்போது இருபத்தெட்டு வயது. பெண் பார்த்துக்கொண்டிருந்தார்கள். நிரந்தரமா என்பதுதான் எல்லாப் பெண் வீட்டிலும் முதல் கேள்வி.

ஆட்டத்தில் என் வேலை பந்தை மேலே கொண்டுபோய் மற்ற நாலு பேருக்கும் பிரித்துக் கொடுப்பது. நன்றாகவே செய்வேன். ஆனால் கொடுப்பதை வாங்க ஆள் வேண்டுமே. ஒவ்வொரு கோடையும் தஞ்சாவூரில் பெரிய டோர்னமென்ட் நடக்கும். அதற்கு இரண்டு மாதம் முன்னால் ஆலை மெட்ராஸிலிருந்து இரண்டு பேரைப் பிடித்துக்கொண்டு வரும். உயரமான பையன்கள், நல்ல ஆட்டக்காரர்கள், குறை சொல்ல முடியாது. ஆனால் ஒருவன் ஓடுகிற இடம் இன்னொருவனுக்குத் தெரியாது. நான் இடது பக்கம் எறிந்தால் அவன் வலது பக்கம் நிற்பான். இரண்டாவது சுற்றிலேயே மூட்டை கட்டுவோம். அவர்கள் அங்கிருந்தே மெட்ராஸ் ரயில் ஏறிவிடுவார்கள். ராஜினாமாக் கடிதம் பின்னால் தபாலில் வரும்.

இதை மாற்றியது கூடைப்பந்து தெரிந்தவர்கள் இல்லை. கூலித் தகராறு.

அந்த வருஷங்களில் எங்கள் பக்கம் எதுவும் அடங்கிக் கிடக்கவில்லை. அறுப்புக்கு அறுப்பு கூலிப் பேச்சு உடைந்தது. ஒரு தெருவில் செங்கொடி, அடுத்த தெருவில் ஆளுங்கட்சிக் கொடி. குடியிருக்கிற மனை இனி குடியிருப்பவனுக்கே சொந்தம், பட்டா வரப்போகிறது என்று மேடையில் பேசினார்கள். மேடையிலிருந்து ஊருக்கு அந்தப் பட்டா நடந்துவர ரொம்ப நாள் பிடித்தது. அதற்குள் மிராசுதார்கள் முந்திக்கொண்டு, பேர் எழுதப்படுவதற்கு முன் ஆளைக் கிளப்பப் பார்த்தார்கள். இந்தச் சூட்டில்தான் ஒரு நாள் ஆலை வாசலில் கூட்டம் கூடியது. எங்கள் நிலத்தை எடுத்து ஆலை கட்டினீர்கள், பந்து விளையாட மட்டும் மெட்ராஸ்காரனுக்கு வேலையா என்று கேட்டார்கள். கேள்வியில் நியாயம் இருந்தது. நிர்வாகம் இறங்கி வந்தது.

தொழிலாளர் நல அதிகாரி என்னைக் கூப்பிட்டார். நல்ல மனிதர், மேசையில் எப்போதும் அல்சருக்கான மருந்து பாட்டில் இருக்கும். உள்ளூர்ப் பையன்கள் பத்துப் பேரைப் பிடித்துப் பழக்கு என்றார். கோடையில் அரையிறுதிக்குப் போனால் உன்னை நிரந்தரமாக்கக் கையெழுத்து வாங்குவது என் பொறுப்பு என்றார். வெளியே வரும்போது எனக்குக் காற்றில் நடப்பதுபோல இருந்தது. ஆலை வாசலைத் தாண்டியபிறகுதான் இன்னொன்று உறைத்தது. அணிக்குப் பன்னிரண்டு பேர். காலி இடம் இரண்டுதான், அதற்குமேல் உள்ளே ஒருவன் வந்தால் வெளியே ஒருவன் போகவேண்டும்.

அவனை முதலில் பார்த்தது குத்தாலத்துக்குக் கிழக்கே, புரட்டாசியில், சம்பா நடவு நடந்துகொண்டிருந்த ஒரு வயலில். நான் சைக்கிளில் போய்க்கொண்டிருந்தேன். வயலில் பெண்கள் வரிசையாகக் குனிந்து நட்டுக்கொண்டிருந்தார்கள். வரப்பில் நின்ற ஒரு பையன் நாற்று முடிகளை எடுத்து வீசிக்கொண்டிருந்தான். பறித்த நாற்றைக் கைப்பிடி அளவு சேர்த்துக் கட்டிய கட்டுதான் முடி. எங்கள் பக்கம் அதை எல்லாரும் வீசுவார்கள், நானும் வீசியிருக்கிறேன். இவன் வீசியது வேறு. யார் கையில் நாற்று தீரப்போகிறது என்று அவனுக்கு முன்னாலேயே தெரிந்திருந்தது. அவள் கேட்பதற்குள் முடி அவள் கைக்கு ஒரு சாண் முன்னால் வந்து நின்றது. சேறு தெறிக்கவில்லை. பார்த்துக்கொண்டிருந்த பக்கம் ஒன்று, வீசிய பக்கம் இன்னொன்று. வலது கை, இடது கை என்கிற பேதமே அவனுக்கு இல்லை.

சைக்கிளை நிறுத்திவிட்டேன். பொறாமை அந்த இடத்திலேயே, அந்த வரப்பிலேயே தொடங்கிவிட்டது என்று இப்போது தெரிகிறது. அப்போது அதற்கு மகிழ்ச்சி என்று பேர் வைத்துக்கொண்டேன்.

அவனுக்குப் பதினெட்டு இருக்கும். பள்ளிக்கூடத்தில் கொஞ்ச நாள் கூடைப்பந்து ஆடியிருக்கிறான். குடும்பமே ஒரு மிராசுதாரிடம் வயல் வேலை செய்தது, அவருடைய மனையில்தான் குடிசை. என் அப்பாவோ குத்தகைச் சாகுபடிக்காரர். கூலி கேட்டு நிற்கும் கூட்டத்தில் ஒருவனைக் கூட்டிக்கொண்டு போய் விளையாடுகிறேன் என்று அவருக்கு என்மேல் கோபம். பையன் முதல் நாள் என்னை ஐயா என்று கூப்பிட்டான். இங்கே ஐயாவெல்லாம் கிடையாது, அண்ணே என்று கூப்பிடு என்றேன். அதைச் சொன்னபோது என்னைப்பற்றி எனக்கே ரொம்பப் பெருமையாக இருந்தது.

பத்துப் பேரும் காலை ஐந்தரைக்கு வந்துவிடுவார்கள். மார்கழிவரை ஆலையின் சிமென்ட் தரையில் பழகினோம். தை பிறந்ததும் ஆபீஸ்காரர்கள் வீட்டு நெல்லெல்லாம் அங்கே காயவந்துவிட்டது. போர்டுக்குக் கீழே, கோட்டுக்கு உள்ளே, எங்கும் நெல். யாரிடம் போய்ச் சொல்வது? எங்கள் ஊரில் சமதரை ஒன்று இருந்து, அதில் தை மாதம் நெல் காயாவிட்டால்தான் ஆச்சரியம். எனவே அறுப்பு முடிந்த ஒரு களத்துக்குப் போனோம். சாணி மெழுகிய மண் தரை. இரண்டு மூங்கிலை நட்டு இரும்பு வளையம் கட்டினோம். பந்தை ஓங்கித் தட்டினாலும் முழங்காலுக்கு மேல் எழும்பாது. தட்டிக்கொண்டு ஓடவே முடியாது. ஆகவே யாரும் பந்தைக் கையில் வைத்திருக்கவில்லை, எறிந்துகொண்டே இருந்தார்கள். ஒரு மாதத்தில் பத்துப் பேருக்கும் மற்றவன் எங்கே நிற்பான் என்று கண்ணை மூடினாலும் தெரிந்தது. ஆலை வருஷக்கணக்கில் செலவழித்து மெட்ராஸிலிருந்து கொண்டுவர முடியாதது அந்தச் சாணித் தரையில் தானாக வந்தது.

அந்தப் பத்துப் பேருக்கும் நடுவில் நின்றது அவன். பந்து அவன் கைக்குப் போனால் மற்றவர்கள் ஓடத் தொடங்குவார்கள். கேட்கமாட்டார்கள், கத்தமாட்டார்கள். போய்ச் சேர்கிற இடத்தில் பந்து இருக்கும். ஒற்றைக் கையால், இடுப்புக்குக் கீழிருந்து, பார்க்காமல் வீசுவான். வரப்பில் நின்று வீசிய அதே வீச்சு.

அதை நான் திருத்தினேன்.

பந்தை நெஞ்சுக்கு நேராக இரண்டு கையாலும் பிடித்துத் தள்ள வேண்டும், எனக்கு அப்படித்தான் சொல்லிக்கொடுத்தார்கள். அவனையும் அப்படியே எறியச் சொன்னேன். இது வயல் இல்லை, ஆட்டம் என்றேன். மற்றவர்கள் போனபிறகு அவனைத் தனியாக நிறுத்தி, நான் எதிரே நின்றுகொண்டு, என் நெஞ்சுக்கு எறியச் சொல்வேன். ஐம்பது, நூறு என்று எறிவான். ஒவ்வொன்றுக்கும் சரியாண்ணே என்று கேட்பான். இன்னும் சரியில்லை என்பேன். முறைப்படி ஆடப் பழக்குகிறேன் என்று நினைத்துக்கொண்டேன். முறைப்படி ஆடினால் அவன் என்னைவிடக் கொஞ்சம் மட்டம், தன் கைப்படி ஆடினால் நான் அவன் கிட்டக்கூட நிற்க முடியாது. இது எனக்குத் தெரியாது என்று சொன்னால் பொய்.

தை அறுப்பில் கூலித் தகராறு முற்றியது. அவன் தெருவிலிருந்து யாரையும் வயலில் இறக்கவில்லை, வெளியூர் ஆட்களை லாரியில் கொண்டுவந்து அறுத்தார்கள். மாசி கடைசியில் ஒரு நாள் பயிற்சி முடிந்தபிறகும் அவன் போகாமல் நின்றான். பந்தைக் கையில் வைத்து உருட்டிக்கொண்டே பேசினான்.

"மனையக் காலி பண்ணுங்கன்னு சொல்லிட்டாங்கண்ணே. சித்திரைக்குள்ளயாம்."

சட்டம் வந்திருக்கிறதே, எழுதிப்போடுங்கள் என்றேன். எழுதிப்போட்டிருக்கிறோம் என்றான். கிளப்பிவிட்டபிறகு அதிகாரி வந்து பார்த்தால் அங்கே குடிசை இருக்காதே என்றான். 

"டீம்ல எடுத்தா லைன் வீடு குடுப்பாங்கல்ல? லிஸ்ட்ல என் பேரு வருமாண்ணே? அப்பாகிட்ட சொல்லணும்."

பார்க்கலாம் என்றேன். அவன் முகத்தைப் பார்க்காமல் வளையத்தை அவிழ்த்துக்கொண்டிருந்தேன். அன்றைக்கு முழுக்க எடைமேடையில் சீட்டைத் தப்புத் தப்பாக எழுதினேன். ஒரு வண்டிக்காரரோடு காரணமில்லாமல் மல்லுக்கு நின்றேன். சாயங்காலம் லைன் வீட்டுக்குள் உட்கார முடியவில்லை. அடுப்படிக்கும் வாசலுக்கும் எத்தனை அடி என்று அப்போது எண்ணியது, ஒன்பது. இரண்டு பேர் இருக்கிற வீடாக அதை மனசுக்குள் கட்டி முடித்திருந்தேன். கொடி எங்கே கட்டுவது, குடம் எங்கே வைப்பது என்பதுவரை.

பங்குனி முதல் வாரம் அந்த நல ஆபீசர் கூப்பிட்டார். இரண்டு உள்ளூர்ப் பையன்களை எடுத்துக்கொள்வது என்று முன்பே பேசியிருந்தோம். மெட்ராஸ்காரர்கள் போன இடம் இரண்டு காலியாக இருந்ததால் அதில் யாருக்கும் நஷ்டமில்லை. உயரமான இரண்டு பேரின் பேரை நானே எழுதிக் கொடுத்திருந்தேன். ஆபீசர் மருந்தை ஒரு மூடி ஊற்றிக் குடித்துவிட்டு, நாற்று முடி வீசுகிற மாதிரி பந்து வீசும் அந்தப் பையன் என்ன ஆனான் என்றார். ஒரு நாள் களத்துக்கு வந்து பார்த்திருக்கிறார்போலும். அவனும் நீ ஆடுகிற இடத்தில் ஆடுகிறவன்தானே, நீ என்ன சொல்கிறாய், உன் வார்த்தைப்படி செய்கிறேன் என்றார்.

"இன்னும் ஒரு வருஷம் போகட்டும் சார். பழக்கம் பத்தாது."

சொல்லி முடிக்க மூச்சு ஒன்றுகூடப் பிடிக்கவில்லை. அவர் சரி என்று தாளில் கோடு போட்டார்.

அவனிடம் நானே சொல்லவேண்டும் என்று இருந்தேன். சொல்லவில்லை. லிஸ்ட் ஆபீஸ் போர்டில் ஒட்டப்பட்டது, அவனே பார்த்துக்கொள்ளட்டும் என்று விட்டுவிட்டேன். அடுத்த நாள் காலை வரமாட்டான் என்று நினைத்தேன். வராமல் இருந்தால் நல்லது என்றும் நினைத்தேன். ஐந்தரைக்கு முதல் ஆளாக வந்து மூங்கில் நட்ட இடத்தில் மண்ணை மிதித்துக்கொண்டிருந்தான். லிஸ்டைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை. எனக்கு அப்பாடா என்று இருந்தது. பரவாயில்லை, பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை என்று நினைத்தேன். சித்திரைவரை ஒரு நாள் தவறாமல் வந்தான். நானும் விடாமல் அவனைத் திருத்தினேன்.

அந்தக் கோடையில் நாங்கள் அரையிறுதிக்குப் போனோம். முதல் தடவை. எடுத்த இரண்டு உள்ளூர்ப் பையன்களும் நான் எறிவதற்குள் வந்து நின்றார்கள். களத்து ஓட்டம். பத்திரிகையில் ஆலையின் பேர் நாலு வரி வந்தது. அவனும் தஞ்சாவூருக்கு வந்திருந்தான். ஆடாத ஆளாக, பந்துப் பையைத் தூக்கிக்கொண்டு. அரையிறுதிக்கு முன்னால் நாங்கள் உடம்பைச் சூடுபண்ணும்போது வெளியே போன பந்துகளை எடுத்து உள்ளே வீசிக்கொண்டிருந்தான். யாரும் திருத்தாத இடம் என்பதால் தன் கைப்படி வீசினான். எதிரணி திருச்சியிலிருந்த ஓர் அரசுத் துறையின் அணி. அவர்களுடைய கோச், கழுத்தில் விசில் தொங்க, என் பக்கத்தில் வந்து நின்று அவனையே பார்த்தார். இவன் ஏன் உள்ளே ஆடவில்லை என்று கேட்டார். இன்னும் பழக்கம் பத்தாது என்று அவரிடமும் சொன்னேன். இரண்டாவது தடவை சொல்லும்போது இன்னும் சுலபமாக வந்தது.

அரையிறுதியில் தோற்றாலும் எனக்கு நிரந்தர ஆர்டர் வந்தது. ஆவணியில் கல்யாணம் ஆயிற்று. அவன் வைகாசியிலேயே திருச்சிக்குப் போய்விட்டிருந்தான். அந்தக் கோச் கூட்டிக்கொண்டு போய் விடுதியில் வைத்துச் சாப்பாடு போட்டுப் பழக்குகிறார், வேலை அடுத்த வருஷம்தான் என்று மற்ற பையன்கள் சொன்னார்கள். எப்படியோ பிழைத்துக்கொண்டான் என்று சொல்லி அந்தப் பேச்சை முடித்துவிட்டேன். அவன் வீட்டுப் பக்கம் போகிற வழியை விட்டுச் சுற்றிக்கொண்டு போகப் பழகினேன். எங்கள் அணி அதற்குப்பிறகு அரையிறுதிக்குமேல் நகரவில்லை. புதிதாக வந்த பையன்கள் நன்றாகத்தான் ஓடினார்கள். பந்தைப் பிரித்துக் கொடுக்கிற இடத்தில் மட்டும் நான் நின்றுகொண்டே இருந்தேன். ஒரு அணி எங்கே தேங்குகிறது என்று கேட்டால் இன்றைக்குச் சொல்வேன். விலக வேண்டியவன் விலகாத இடத்தில்.

மூன்றாவது கோடையில் அந்தத் திருச்சி அணியோடு மறுபடியும் அரையிறுதி. மாலை நாலரை மணி, தரையில் இன்னும் வெயில் இருந்தது. அவன் ஐந்தாம் எண் பனியன் போட்டிருந்தான். உயர்ந்திருந்தான், தோள் விரிந்திருந்தது. என்னைப் பார்த்துத் தலையசைத்தான். ஆட்டம் தொடங்கி இரண்டு நிமிஷத்தில் என் வலது பக்கம் பார்த்துக்கொண்டே இடது கையால், இடுப்புக்குக் கீழிருந்து, எனக்கு முதுகுப்பக்கம் ஓடியவனுக்குப் பந்தை வீசினான். யாரும் அதைத் திருத்தியிருக்கவில்லை. அன்றைக்கு முழுக்க அப்படித்தான். கேட்பதற்குள் போய்ச் சேர்ந்தது. நான் அவனைத் தடுக்கக் கையை நீட்டும்போதெல்லாம் பந்து போய் ரொம்ப நேரமாகியிருந்தது. பாதி ஆட்டத்தில், அணிக்கு மேனேஜராக வந்திருந்த எங்கள் ஆபீசரே என்னை வெளியே எடுத்தார். பெஞ்சில் உட்கார்ந்தேன். உட்கார முடியாமல் எழுந்து நின்றே மீதியைப் பார்த்தேன்.

முடிந்தபிறகு குழாயடியில் முகம் கழுவிக்கொண்டிருந்தேன். பின்னாலிருந்து வந்தான். அப்பா எப்படி இருக்கிறார் என்று கேட்டேன். வேறென்ன கேட்பது? திருச்சிக்குக் கூட்டிக்கொண்டுபோய்விட்டேன் என்றான். மனை என்ன ஆயிற்று என்றேன்.

"அது அந்தச் சித்திரையிலயே போயிடுச்சுண்ணே. வாய்க்கா கரையில கீத்துப் போட்டுக்கிட்டு இருந்தாங்க. ஐப்பசி மழையும் அங்கதான்."

அந்த ஐப்பசி எனக்கு நினைவிருக்கிறது. புதுப் பெண்டாட்டியோடு லைன் வீட்டில் இருந்தேன். ஓடு ஒழுகாத வீடு என்று அவள் அம்மாவுக்குக் கடிதம் எழுதினாள். குழாயில் தண்ணீரை அப்படியே ஓடவிட்டு அவன் பக்கம் திரும்பினேன். உன்னிடம் ஒன்று சொல்லவேண்டும் என்று ஆரம்பித்தேன். அவன் குனிந்து குழாயை மூடினான்.

"தெரியும்ணே. லிஸ்ட் போட்ட அன்னிக்கே ஆபீசர்கிட்ட போயி ஏன்னு கேட்டேன். நீங்க என்ன சொன்னீங்கன்னு அவரு சொல்லிட்டாரு."

குரலில் கோபம் எதுவும் இல்லை. அணியினர் கூப்பிட்டார்கள், வருகிறேன் அண்ணே என்று சொல்லிவிட்டுப் போனான்.

லிஸ்ட் போட்ட அன்றைக்கே. அப்படியென்றால் அடுத்த நாள் காலை ஐந்தரைக்கு, தெரிந்துகொண்டுதான் வந்திருக்கிறான். அதற்கு அடுத்த நாளும். சித்திரைவரை எல்லா நாளும். மற்றவர்கள் போனபிறகு களத்தில் என் எதிரே நின்று, நான் சொன்னபடியே இரண்டு கையாலும் பந்தைப் பிடித்து, என் நெஞ்சுக்கு நேராக எறிந்திருக்கிறான். எறிந்துவிட்டு ஒவ்வொரு தடவையும் என் முகத்தைப் பார்த்து, சரியாண்ணே என்று கேட்டிருக்கிறான். நான் ஒவ்வொரு தடவையும், இன்னும் சரியில்லை என்று சொல்லியிருக்கிறேன்.